முதுமைக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் இருக்கிறேன். வரும் தை மாதம் 58 முடிகிறது. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 12,600 ரூபாய். மூன்று கம்பெனி மாறி மொத்தம் 17 வருஷ சர்வீஸ். பி.எஃப். பென்ஷன் எவ்வளவு வரும்?
— வாசகி, ஆம்பூர்

கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சராசரியே 12,600 என்று வைத்தால் மாதம் 3,060 ரூபாய். ஐந்து வருஷத்தில் சம்பளம் கொஞ்சமாவது ஏறியிருக்குமே, அதனால் உங்கள் சராசரி இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பென்ஷனும் அதற்கேற்பக் குறையும்.

கணக்கு இடறுவது அந்த 17-இல். பழைய கம்பெனியை விட்டபோது 10-சி படிவம் போட்டுப் பென்ஷன் பங்கையும் எடுத்திருந்தால், அந்த வருஷங்கள் போனதுதான். எடுக்காமல், கணக்கை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தால் இப்போதும் சேர்க்கலாம். பி.எஃப். இணையதளத்தில் 'சர்வீஸ் ஹிஸ்டரி' திறந்து மூன்று கம்பெனியும் இருக்கிறதா, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விலகிய தேதி காலியாகக் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. ஆதாரில் உள்ள இனிஷியல், பிறந்த தேதி இங்கே வேறாக இருந்தாலும் மனு திரும்பி வரும். பழைய கம்பெனி மூடிவிட்டால் திருத்தம் வாங்க நாய் படாத பாடு. தை வரை காத்திருக்காமல் இந்த மாதமே பாருங்கள். எல்லாம் சரியான பிறகு 58 முடிந்ததும் பென்ஷன் கேட்கும் 10-டி படிவம்.

இன்னொன்று. இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது. 58-இல் 3,060 என்றால் 80 வயதிலும் 3,060. பென்ஷன் நிதிக்குள் வருவது சம்பளத்தில் முதலாளி பங்கு 8.33 சதவீதம், மத்திய அரசு பங்கு 1.16 சதவீதம். ஆயுள் நீள நீள அதே பானையிலிருந்து அதிக வருஷம் அள்ள வேண்டியிருக்கிறது.

பீடி சுற்றிச் சுற்றி விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ஆயுள் சான்றுக்குக் கருவி ரேகையை ஏற்கவில்லை. பி.எஃப். பென்ஷன் நின்றுவிடுமா?
— வாசகி, பேர்ணாம்பட்டு

சான்று ஏறாவிட்டால் நிற்கும். ரேகையை விடுங்கள், முகத்தைக் காட்டியே எடுக்கலாம். பேரனின் ஆண்ட்ராய்டு போனில் 'ஜீவன் பிரமாண்' செயலியையும் ஆதார் முக அடையாளச் செயலியையும் ஏற்றச் சொல்லுங்கள். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், கண் சிமிட்டச் சொன்னால் சிமிட்ட வேண்டும். மத்திய அரசுப் பென்ஷன்காரர்களைப் போல நவம்பருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பென்ஷனுக்குச் சான்று கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும்.

அம்மாவுக்கு 76. பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுத்த படுக்கை. முதியோர் பணம் 1,200 வருகிறது. வீட்டோடு ஆள் வைத்துப் பார்க்க அரசுத் திட்டம் உண்டா?
— வாசகர், குடியாத்தம்

இல்லை. 70 வயது தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபரில் வந்த 5 லட்ச ரூபாய்க் காப்பீடு, ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான். ஆயா சம்பளத்துக்கும் டயப்பருக்கும் அதில் பைசா வராது. ஜப்பானில் 2000-லிருந்து பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. 40 வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள், முடியாமையை ஏழு படியாக அளந்து வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள். 2021-இல் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் 60 தாண்டியவர்கள். ஆனாலும் இங்கே அந்தக் காப்பீட்டின் பெயர் மருமகள்.

இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பதிவில் அம்மா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிசியோதெரபி, படுக்கை நோயாளிப் பராமரிப்பு இரண்டும் அதில் வீட்டுக்கே வர வேண்டியவை. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றி, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்வாகப் படுக்க வையுங்கள். குதிகாலையும் வால் எலும்பையும் தினம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் சிவப்பு மறையவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்க்கவே கூடாது, உள்சதை சிதையும்.

மகன் வீட்டைத் தன் பெயருக்கு எழுதச் சொல்கிறான். எழுதினால் கடைசிவரை பார்ப்பேன் என்கிறான். எழுதலாமா?
— வாசகர், வாலாஜாபேட்டை

உயில் எழுதினால் போதுமே, அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், 'சாப்பாடும் மருத்துவமும் கவனிப்பேன், தவறினால் பத்திரம் ரத்து' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 'அன்பினால் கொடுக்கிறேன்' என்று மட்டும் எழுதிவிட்டுப் பின்னால் திண்டாடுபவர்கள் பலர். நிபந்தனை இருந்தால், மூத்த குடிமக்கள் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ரத்து கேட்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், வக்கீல் தேவையில்லை. உங்களுக்கு ராணிப்பேட்டைக் கோட்டாட்சியர். வேலூருக்கு பஸ் ஏறாதீர்கள்.