பிரசவ லீவுக்குப் பணம் யார் தருவார்கள்?

கேள்வி: பின்னலாடை கம்பெனியில் இரண்டு வருடமாகத் தையல் வேலை பார்க்கிறேன். சம்பளம் 14,000 ரூபாய், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கிறார்கள். ஆகஸ்டில் முதல் பிரசவம். "லீவு உண்டு, சம்பளம் கிடையாது" என்கிறார் மேனேஜர். சரிதானா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கம்பெனி சம்பளம் தராது, உண்மைதான். ஆனால் நீங்கள் வெறுங்கையோடு வீட்டில் இருக்க வேண்டியதில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. கழகமே வங்கிக் கணக்கில் பணம் போடும். 26 வாரத்துக்கு, சராசரி தினச் சம்பளம் முழுவதும். இதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பவருக்கு மட்டும் 12 வாரம்.

உங்களுக்குப் பிரசவம் ஜூலை–டிசம்பரில் வருவதால், போன வருடம் ஏப்ரலில் இருந்து இந்த வருடம் மார்ச் வரைக்கும் உள்ள கணக்கைப் பார்ப்பார்கள். அதில் 70 நாளுக்காவது சந்தா ஏறியிருக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். உங்களிடம் 0.75 சதவீதம் பிடித்துவிட்டு, கம்பெனியின் 3.25 சதவீதத்தோடு சேர்த்துக் கட்டாமல் விடுவது உண்டு. கம்பெனி மாறும்போது பழைய காப்பீட்டு எண்ணைச் சொல்லாமல் புது எண் வாங்கினாலும் நாட்கள் இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் இப்போதே இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு மாதாமாதம் பாருங்கள். குறைந்தால் சம்பளச் சீட்டோடு கிளை அலுவலகத்துக்குப் போங்கள்; பிரசவம் வரை தள்ளிப்போட வேண்டாம். ஆதார், வங்கிக் கணக்கு, காப்பீட்டு அட்டை மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். லீவில் வேறு எங்கும் கூலிக்குப் போகாதீர்கள், அந்த நாட்களுக்குப் பணம் வராது. லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும் சட்டவிரோதம்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 65 பேர்; பெண்கள் 20 பேர்தான். அதனால் குழந்தைகள் காப்பகம் தேவையில்லை என்கிறார்கள்.
– வாசகி, கோவை

பதில்: அது 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் பழைய கணக்கு, அதில் 30 பெண்களுக்கு மேல் இருந்தால்தான் காப்பகம் என்று இருந்தது. 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது ஆண், பெண் சேர்த்து 50 ஊழியர் என்று ஆக்கிவிட்டார்கள். காப்பகம் நிறுவனத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பக்கத்திலும் இருக்கலாம். ஓய்வு நேரத்தையும் சேர்த்து தினம் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர உங்களை விட வேண்டும். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை தனியாக உண்டு. முதலில் எழுத்தில் கேளுங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்க அந்த நகல்தான் வேண்டும்.