சாக்கட்டிப் படத்தின் மீது எதையும் தெளிக்க விடாதீர்கள்

கேள்வி: ரோமில் 19ஆம் நூற்றாண்டில் மாடலை நிற்க வைத்து வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆண் உருவப்படத்தை வாங்கினேன், சாம்பல் நிறத் தாளில் கருப்பு, வெள்ளைச் சாக்கட்டியால் தீட்டியது. கண்ணாடியின் உட்புறம் பொடி படிகிறது. ஃபிக்சேடிவ் (பொடியைத் தாளோடு ஒட்டவைக்கும் பிசின் தெளிப்பு) அடித்தால் நிற்கும் என்கிறார் பிரேம் கடைக்காரர். அடிக்கலாமா?

பதில்: கூடாது. வெள்ளைச் சாக்கட்டி வெண்மையாகத் தெரிவதற்கே அதன் துகள்களுக்கிடையே உள்ள காற்றுதான் காரணம். அந்த இடைவெளியைப் பிசின் நிரப்பினால் வெள்ளை கிட்டத்தட்ட மறைந்துவிடும். 1754இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ரோமின் கேபிடோல் குன்றில் தொடங்கிய நிர்வாண உருவப் பயிற்சிப் பள்ளியின் மரபில் வந்த படங்களில் தாளின் நிறமே நடுத்தர நிழல், வெள்ளைதான் ஒளி. தோள்பட்டையிலும் முழங்காலிலும் அந்த ஒளி அமிழ்ந்துபோனால் உடல் தட்டையாகிவிடும், அதை மீட்பது மிகக் கடினம்.

பொடி உதிர முதற்காரணம் பெரும்பாலும் கண்ணாடி தாளைத் தொடுவதே. சில மில்லிமீட்டர் இடைவெளி தரும் அமிலமற்ற மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) போடச் சொல்லுங்கள். அக்ரிலிக் தகடு வேண்டாம். அதன் நிலைமின்சாரம் பொடியை இழுக்கும். படத்தைப் படுக்கை வாட்டில், முகம் மேலாக வைத்தே எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சில படங்களில் ஒளிப்பகுதியைத் தூரிகையால் ஈய வெள்ளை கொண்டு போட்டிருப்பார்கள். அது காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு பட்டுக் கறுத்துப்போகும். வெளிச்சம் விழ வேண்டிய தோளின் விளிம்பில் கரும்புள்ளி நிற்கும். இதை அழுக்கென்று நினைத்து ரப்பரால் தேய்ப்பவர்கள் உண்டு. அது அழுக்கன்று, தாள் பாதுகாப்பு வல்லுநர் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அதை மீண்டும் வெண்மையாக்க முடியும், வீட்டில் முயலக் கூடாது. 1834இல் விற்பனைக்கு வந்த துத்தநாக வெள்ளையோ சாக்கட்டியோ இப்படிக் கறுக்காது, ஆகவே எல்லாக் கரும்புள்ளிக்கும் இந்த விளக்கம் பொருந்தாது.

நான் மிகவும் அஞ்சுவது இடைத்தரகர்களுக்குத்தான். மாணவர் வரைந்த, கையெழுத்தில்லாத பயிற்சிப் படத்தைச் “சுத்தம்” செய்து, ஃபிக்சேடிவ் தெளித்து, மூலையில் கமுச்சினி என்று பென்சிலில் எழுதி, விலையைப் பல மடங்காக்கி விற்கிறார்கள். வின்சென்சோ கமுச்சினி (1771–1844) பெயர்பெற்ற ரோம் ஓவியர் என்பதால் அந்தப் பெயர் எளிதில் விலைபோகிறது. ஏலப் பட்டியல்களோ “இத்தாலியப் பள்ளி (அதாவது இத்தாலிய ஓவிய மரபு), 19ஆம் நூற்றாண்டு” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கின்றன. தாளின் பின்புறம் எப்படி, முன்பு ஏதேனும் தெளிக்கப்பட்டதா என்று ஒருவரும் சொல்வதில்லை. இந்த அலட்சியத்தை இத்தனை காலம் பொறுத்தது போதும். விற்றவரிடம் இவ்விரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; பதில் வரும் வரை பிரேமைப் பிரிக்க வேண்டாம்.