பால் இறங்குற நேரத்துல மட்டும் வர்ற பயம்

கேள்வி: அக்கா, எனக்கு இது முதல் பிள்ளை, பாப்பாவுக்கு இப்ப 7 வாரம், அம்மா வீட்லதான் இருக்கேன். பாப்பா மார்ல வாய் வச்சு கொஞ்ச நேரத்துல எனக்கு லிஃப்ட் சட்டுன்னு கீழ இறங்குற மாதிரி வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது, நெஞ்சு படபடங்குது, ஏதோ கெட்டது நடக்கப்போகுதுன்னு ஒரு பயம். ரெண்டு நிமிஷத்துல போயிடுது. அடுத்த தடவை கொடுக்கிறப்போ திரும்ப வருது. அம்மாகிட்ட சொன்னா பயம் பால்ல இறங்கிடும், மந்திரிச்சுட்டு வரலாம்ங்கிறாங்க. இப்பல்லாம் பாப்பா பசிச்சு சிணுங்கினாலே கை நடுங்குது. எனக்குப் பிள்ளை மேல பாசமே இல்லையா? பேசாம புட்டிப்பாலுக்கு மாத்திடவா? (பேர், ஊர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த பாசம் கேள்விக்கு சொல்லிடுறேன். பாசம் இல்லாதவ இப்படி பயந்துக்கிட்டே ஏழு வாரமா ராத்திரி பகலா பால் கொடுத்துக்கிட்டு இருக்க மாட்டா. நீ எழுதினதுல ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், பிள்ளையைத் தூக்கினதும் வரல, வாய் வச்சு கொஞ்ச நேரம் கழிச்சு வருது, ரெண்டு நிமிஷத்துல போயிடுதுன்னு சொல்ற பாரு, அதுதான் எனக்கு வேணும்.

அடுத்த தடவை கொடுக்கிறப்போ பாப்பா வாயைக் கவனிச்சுப் பாரு. ஆரம்பத்துல சின்னச் சின்னதா வேகமா சப்பும், முழுங்குற சத்தம் அவ்வளவா கேக்காது. அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ போனதும் தாடை பெருசா இறங்கி நிதானமா இழுத்து முழுங்க ஆரம்பிக்கும், சில பேருக்கு இன்னொரு பக்கத்து மார்ல இருந்தும் தானா பால் சொட்டும். அதுதான் பால் இறங்குற நேரம். உன் பயம் அதுக்குச் சற்று முன்னாடி எட்டிப் பாத்துட்டு, பிள்ளை நிதானமா குடிக்க ஆரம்பிச்சப்புறம் அடங்குதான்னு பாரு. ஒரே தடவை கொடுக்கிறதுக்குள்ள பால் ரெண்டு மூணு தரம் இறங்கும், அதனால சில பேருக்கு நடுவுல இன்னொரு அலையும் வரும்.

இப்படி வந்தா அதுக்கு ஒரு பேர் இருக்கு, டிஸ்ஃபோரிக் மில்க் இஜெக்‌ஷன் ரிஃப்ளெக்ஸ், சுருக்கமா டி-மெர். 2007-லதான் அமெரிக்காவுல தாய்ப்பால் ஆலோசகரா இருந்த ஒரு அம்மா தனக்கே வந்ததை வச்சு இதுக்குப் பேர் வச்சாங்க, அதனால நம்ம ஊர்ல நிறைய டாக்டருங்க, நர்ஸுங்களே கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. பால் ஊற வைக்கிறது புரோலாக்டின்ங்கிற ஹார்மோன். அதை அடக்கி வச்சிருக்கிறது டோபமைன், நம்ம மனநிலையோடவும் சம்பந்தப்பட்டது. பால் இறங்குற சமயத்துல புரோலாக்டின் ஏறணும்னா டோபமைன் இறங்கி வழிவிடணும். சில பெண்களுக்கு அது சட்டுன்னு இறங்கிடுது, அந்த இறக்கம்தான் இப்படி பயமாவோ துக்கமாவோ எரிச்சலாவோ தெரியுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க கருதுறாங்க. நீ என்ன நினைச்சேங்கிறதால வர்றது இல்லம்மா, உடம்பு செய்ற வேலை. மனசைத் தைரியமா வச்சுக்கோன்னு சொல்றவங்க நல்லவங்கதான், ஆனா அதனால இது நிக்காது.

பிள்ளை சிணுங்கினாலே கை நடுங்குதுன்னு எழுதியிருக்கியே, அது வேற. ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை அந்தப் பயத்தை அனுபவிச்ச உடம்பு, அது வரப்போகுதேன்னு முன்கூட்டியே பயப்படக் கத்துக்கிச்சு. என்கிட்ட பேசின அம்மாக்கள் சில பேருக்கு, இது இதுதான், ரெண்டு நிமிஷத்துல போயிடும்னு தெரிஞ்சதும் இந்த முன்பயம் பாதியா குறைஞ்சிருக்கு. உக்கார்ற இடத்துக்கு எதிர்ல ஒரு கடிகாரம் வச்சுக்கோ. அலை வர்றப்போ பிள்ளை முகத்தைத்தான் பாக்கணும்னு கட்டாயம் இல்ல, முள்ளைப் பாரு, ஜில்லுன்னு ஒரு வாய் தண்ணி குடி, கால் விரலைத் தரையில அழுத்திக்கோ, மூச்சை மெதுவா விடு. வாய்ல போட்டுக்க ரெண்டு பேரீச்சம்பழம் பக்கத்துல இருக்கட்டும்.

தண்ணி விஷயம் தனியா சொல்லணும். பிள்ளை பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு போடும்னு அளந்து கொடுக்கிற வீடு இன்னும் நிறைய இருக்கு. அதை நம்பாத, தாகத்துக்கு வேண்டிய அளவு குடி. உடம்புல நீர் குறைஞ்சாலும் தூக்கம் இல்லாட்டியும் இந்த அலை பலமா அடிக்குதுன்னு அனுபவிச்ச நிறைய பெண்கள் சொல்றாங்க, காபியும் சில பேருக்கு ஒத்துக்காது, ரெண்டு நாள் நிறுத்திப் பாரு. பால் ஊறுறதுக்குன்னு மாத்திரை எதுவும் சாப்பிடுறியா? மெட்டோகுளோப்ரமைடு மாதிரி சில மாத்திரை மூளையில டோபமைனைத் தடுக்கும், மனசு சோர்ந்து போறது, பதட்டம் எல்லாம் அதனாலயும் வரலாம், சீட்டை எடுத்துக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட கேட்டுடு.

அம்மாவுக்கு இந்தப் பத்தியை மட்டும் படிச்சுக் காட்டு. அம்மா, பயம் பால்ல இறங்காது, இவ அழுதுக்கிட்டே கொடுத்தாலும் அது நல்ல பால்தான். பிள்ளை நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போயி, எடையும் ஒழுங்கா ஏறினா பால் பத்துதுன்னு அர்த்தம். உங்க மனசு ஆறுதலுக்கு மந்திரிக்கிறதுன்னா மந்திரிங்க, ஆனா அதோட நிறுத்திடாதீங்க. இவ பால் கொடுக்கிறப்போ பக்கத்துல உக்காந்துக்குங்க, ராத்திரி பால் கொடுத்ததும் பிள்ளையை வாங்கி நீங்க ஏப்பம் விட வச்சு தூங்க வைங்க, இவ படுக்கட்டும்.

புட்டிப்பால் பத்தி. பம்ப் வச்சு எடுத்துக் கொடுத்தா தப்பிக்கலாம்னு நினைக்காத, பம்ப் வச்சாலும் பால் இறங்கத்தான் செய்யும், இதுவும் வரும். பவுடர் பாலுக்கு மாறினா நின்னுடும், உண்மைதான். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு, நிறைய பேருக்கு மாசம் போகப் போக தானாவும் குறையுது, அதனால இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்னுதான் நான் சொல்லுவேன். ஆனா தாங்கவே முடியல, பிள்ளையைப் பாத்தாலே பயம்னு ஆகிட்டா பாதி பாதியா கொடுக்கிறதோ நிறுத்துறதோ ஒண்ணும் குத்தம் இல்ல. நிறுத்துறதுன்னா ஒரே நாள்ல நிறுத்தாம, டாக்டர்கிட்ட கேட்டு ஒவ்வொரு வேளையா குறை, இல்லாட்டி பால் கட்டிக்கிட்டு காய்ச்சல்ல கொண்டு விடும்.

இப்ப நான் பயப்படுற இடத்துக்கு வர்றேன். இந்தப் பயம் அந்த ரெண்டு நிமிஷத்தோட நிக்குதா? பிள்ளை நல்லா தூங்குறப்பவும் உனக்குத் தூக்கம் வரலைன்னா, நாள் முழுக்க படபடப்பு, அழுகை, எதுலயும் ஒட்டாம இருக்கிறதுன்னு ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா அது டி-மெர் மட்டும் இல்ல, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வோ பதட்ட நோயோ இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். தைராய்டும் ஒரு தடவை பாத்துடணும், பிள்ளை பிறந்து சில மாசத்துல தைராய்டு கூடி நெஞ்சு படபடக்கிறது உண்டு. இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கு, பால் கொடுத்துக்கிட்டே சாப்பிடக்கூடிய மருந்தும் இருக்கு. செத்துடலாம், பிள்ளையை ஏதாவது செஞ்சுடுவோம்ங்கிற மாதிரி நினைப்பு வந்தா, யாரும் இல்லாத குரல் காதுல கேட்டா, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், தனியா இருக்கக்கூடாது. பேச ஆள் வேணும்னா 14416, அரசாங்கத்தோட டெலி மானஸ், காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

பாப்பாவுக்கு 10-வது வாரத் தடுப்பூசி வரும்ல, அதுக்குப் போறப்போ உனக்கும் டாக்டர்கிட்ட ஒரு சீட்டு போட்டுக்கோ, முடிஞ்சா அதுக்கு முன்னாடியே போ. அதுவரைக்கும் எப்ப வந்துச்சு, எத்தனை நிமிஷம் இருந்துச்சுன்னு ஃபோன்ல குறிச்சு வை, டாக்டர்கிட்ட அதைக் காட்டு, பால் இறங்குறப்போ மட்டும் வருதுங்கிறதை முதல்ல சொல்லு. இவங்க புரியாம தட்டிக் கழிச்சா இன்னொரு டாக்டரைப் பாரு. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது, காத்துக்கிட்டு இருப்பேன்.