இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் பள்ளி அணிக்கும் என்ன வித்தியாசம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தமிழ்ப்பள்ளி முடித்துப் படிவம் 1-க்கு, அதாவது இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது.

இல்லம் என்பது பள்ளிக்குள்ளேயே பிரிக்கும் குழு: சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று. எல்லா மாணவரும் ஏதாவது ஓர் இல்லத்தில் இருப்பார்கள். பள்ளி அணி அப்படியல்ல. தேர்ந்தெடுத்த சிலர் மட்டும் மாவட்டப் போட்டிக்குப் போவார்கள், அங்கே வென்றால் மாநிலம், பிறகு தேசிய அளவு.

கோயில் திருவிழாவில் காவடி எடுப்பவர் சிலர்தான். வெங்காயம் உரிப்பதும் பந்தலில் மோர் ஊற்றுவதும் ஊரே சேர்ந்து செய்வது. இல்லம் அந்த ஊர் மாதிரி.

ஏன் இப்படி? அணி மட்டும் இருந்தால் வேகமாக ஓடாத பிள்ளை திடலுக்கே வராது. அதற்காகத்தான் சுக்கான்தாரா (Sukantara) என்ற இல்லப் புள்ளித் தேர்வு. அதில் யாரையும் முந்த வேண்டாம். நூறு மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் போன்றவற்றில் குறித்த அளவைத் தொட்டாலே இல்லத்துக்குப் புள்ளி. கடைசியாக ஓடி வந்த பிள்ளையும் புள்ளி சேர்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: பயிற்சி மாலையில் நடக்கும். தோட்டத்துக்குத் திரும்ப வண்டிக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். திறமையுள்ள பிள்ளைகள் சிலர் பயிற்சியிலிருந்து நின்றுவிடுவது வண்டி இல்லாததால்தான்.

“தோற்கிற இல்லத்தில் போட்டுவிட்டார்கள், இனி பள்ளி அணியில் இடமில்லை” என்பது தவறு. அணிக்கு ஆள் எடுக்கும்போது பார்ப்பது பிள்ளையின் ஆட்டத்தை, சட்டையின் நிறத்தை அல்ல.