கொரிய பேஸ்பாலில் கேட்சராக (அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தை வாங்குபவர்) இருந்து பயிற்சியாளர் ஆவது எப்படி? அங்கே பெயர்பெற்ற கேட்சரான லீ மான்-சூ எந்த வழியில் வந்தார்?

முதலில் பதவிப் பெயர்கள். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். கொரிய அணியில் மேலே இருப்பவர் ‘கம்தோக்’, அதாவது மேனேஜர். தலைமைக் கோச் என்பவர் அவருக்கு அடுத்தவர்தான். கேட்சர்களைப் பழக்குபவர் பேட்டரி கோச். பந்தை எறியும் பிட்சரும் கேட்சரும் சேர்ந்த ஜோடிக்குப் பேட்டரி என்று பெயர்.

லீ, 1982இல் கொரியத் தொழில்முறை லீக் தொடங்கியபோதே சாம்சங் லயன்ஸ் கேட்சர். மார்ச் 27 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் லீக்கின் முதல் ஹிட் (அடித்துவிட்டு ஓடிச் சேர்வது), முதல் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் அடி) இரண்டும் அவருடையவை (ஆட்டம் என்னவோ எம்பிசி அணிக்குத்தான், 11-7). 1983இல் எம்விபி, அதாவது ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். 1984இல் .340 சராசரி, 23 ஹோம் ரன், 80 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்) என்று மூன்றிலும் முதலிடம்; லீக்கின் முதல் ட்ரிபிள் கிரவுன். அதில் ஒரு கறையும் உண்டு. சராசரியில் நெருங்கி வந்த லோட்டே அணியின் ஹோங் மூன்-ஜோங்கை அடிக்கவே விடாமல், சாம்சங் பிட்சர்கள் அடுத்தடுத்து 9 முறை வாக் கொடுத்து (எட்டாத பந்துகளை எறிந்து, முதல் நிலைக்கு இலவசமாக) அனுப்பினார்கள். அந்த ஆண்டு எம்விபி லோட்டே பிட்சர் சொய் டோங்-வொன்னுக்குப் போனது.

252 ஹோம் ரன்களோடு 1997இல் ஓய்வு. அந்தப் பெயரை வைத்து ஊரிலேயே கோச் ஆகாமல் அமெரிக்க மைனர் லீக்கில் (பெரிய லீக்குக்குக் கீழுள்ள நிலை) கீழிருந்து தொடங்கினார். 2000 முதல் 2006 வரை சிகாகோ ஒயிட் சாக்ஸின் புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் தயாராகும் இடம்) வேலை. 2005 உலகத் தொடரை, அதாவது அமெரிக்க லீக்கின் இறுதியை, வென்ற அணி அது. என் கணக்கில் அவரைக் கோச் ஆக்கியது இந்த வருடங்கள்தான். மாற்று பிட்சர்கள் 18.44 மீட்டரிலிருந்து எறிவதை வாங்கி, இன்று யாருடைய ஸ்லைடர் (பக்கவாட்டில் விலகும் பந்து) வளைகிறது, யாருடையது வளையவில்லை என்று சொல்ல வேண்டும். ஒருவரைச் சூடேற்றிவிட்டு இறக்காமல் உட்காரவைப்பதுதான் இதில் பெரிய தப்பு. அந்த எறிகள் ஆட்டக் கணக்கில் ஏறாது, ஆனால் தோள் களைத்துவிடும்.

அடுத்தது ஸ்டீல்: பிட்சர் எறியும்போதே ஓடுபவர் அடுத்த பேஸுக்கு (அவர் தொட வேண்டிய நிலை) ஓடிவிடுவது. அதில் பழி கேட்சர் தலையில் விழும். கணக்கு வேறு. கேட்சர் பந்தை வாங்கி 38.8 மீட்டர் தள்ளியுள்ள இரண்டாம் பேஸில் சேர்க்க சுமார் 2 விநாடி. பிட்சர் 1.3 விநாடியில் பந்தைத் தந்தால் ஓடுபவரைப் பிடிக்க வழியுண்டு. 1.6 ஆனால் எந்தக் கேட்சராலும் முடியாது. அதனால் பேட்டரி கோச் பிட்சரின் காலசைவையும் திருத்த வேண்டும். 2024இல் ஸ்ட்ரைக்கை (அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்த பந்து) நடுவருக்குப் பதில் கருவி தீர்மானிக்கும் முறை வந்ததிலிருந்து, கையுறையை நகர்த்தி நடுவரை நம்பவைக்கும் கலைக்குக் கொரிய லீக்கில் விலையில்லை. பந்தை உடம்பால் தடுப்பதும் எறிவதும்தான் மிச்சம்.

லீ 2007இல் எஸ்கே வைவர்ன்ஸ் தலைமைக் கோச் ஆனார். மைதானம் நிரம்பினால் உள்ளாடையோடு ஓடுவேன் என்றார், நிரம்பியது, ஓடினார். 2011 ஆகஸ்டில் மேனேஜர் கிம் சுங்-கூன் நீக்கப்பட்டதும், இரண்டாம் அணியின் மேனேஜராக இருந்த லீ தற்காலிகப் பொறுப்பேற்றார். 2011, 2012 இரண்டு கொரியத் தொடர் இறுதிகளிலும் தோற்றது தன் பழைய அணியான சாம்சங்கிடமே. அடுத்த இரண்டு ஆண்டுகள் பிளேஆஃப் எட்டாததால் 2014இல் வெளியேறினார்.

பிறகு லாவோஸுக்குப் போய் அந்நாட்டின் முதல் பேஸ்பால் அணியை உருவாக்கினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் லாவோஸ் களமிறங்கி, தாய்லாந்திடமும் இலங்கையிடமும் தோற்றது.