கணக்கு வராத பையனுக்கு மெக்கானிக் வேலையா? குளச்சல் அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, மகன் பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறான், கணக்கில் 42 மார்க், படகு இன்ஜின் என்றால் உயிர் என்று எழுதியிருந்தீர்கள். ஐடிஐயா டிப்ளமாவா என்பது உங்கள் கேள்வி. கணக்கு வராதவனுக்குக் கைவேலைதான் கதி என்பது அவன் அப்பாவின் முடிவு. ஐடிஐயில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் கணக்கிலிருந்து தப்பிக்கும் வழி என்று நினைத்துச் சேர்க்காதீர்கள்.

உங்கள் ஊர்ப் படகையே பார்ப்போம். இன்ஜினிலிருந்து புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டுதான் ஷாஃப்ட். புரொப்பல்லர் உட்காரும் அதன் முனை சரிவாக இருக்கும். 100 மி.மீ. நீளத்தில் விட்டம் 40 மி.மீட்டரிலிருந்து 30 மி.மீட்டராகக் குறைகிறது என்று வையுங்கள். லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், அந்தச் சரிவைக் கடைய, டூல் பிடிக்கும் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்புவது? விட்ட வித்தியாசம் 10. அது இரு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரிவதால், அதை நீளத்தின் இரண்டு மடங்கான 200ஆல் வகுத்தால் 0.05. டேன் மதிப்பு 0.05 வரும் கோணம் 2 டிகிரி 52 நிமிடம். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான் இது. பாதிக் கோணம் என்பதை மறந்து முழுக் கோணமான 5 டிகிரி 44 நிமிடத்துக்குத் திருப்பினால் சரிவு இரட்டிப்பாகிவிடும். புரொப்பல்லர் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு ஆடும். சரிவு தாங்க வேண்டிய சுமை முழுவதும், ஷாஃப்டையும் புரொப்பல்லரையும் பிணைக்கும் சாவி என்ற சிறு உலோகத் துண்டின் மேல் விழுந்து, ஒருநாள் நடுக்கடலில் சாவி அறுபடும்.

கணக்கு மட்டும் போதாது என்பதற்கும் அதே படகில் உதாரணம் இருக்கிறது. கியர்பாக்ஸையும் ஷாஃப்டையும் இணைக்கும் வட்டத் தட்டுகளுக்குக் கப்ளிங் என்று பெயர். கியர்பாக்ஸ் கப்ளிங்கும் ஷாஃப்ட் கப்ளிங்கும் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க, போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களையும் சேர்த்து, மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்திலும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து இடைவெளி பார்ப்பார்கள். 4 அங்குலக் கப்ளிங்கில் வித்தியாசம் சுமார் 0.1 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது, ஒரு தாளின் கனம் அவ்வளவுதான். இதைப் படகு கரையில் இருக்கும்போது பார்த்து முடித்துவிடக் கூடாது. கட்டைமேல் உட்கார்ந்த உடல் ஒரு விதமாக வளையும், தண்ணீர் தாங்கும்போது வேறு விதமாக நிற்கும். ஆகவே இறக்கி மிதக்கவிட்டுத்தான் கடைசி அளவு. நேர் தவறினால் அதிர்வு வரும், ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேயும், ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் பேக்கிங் ஒழுகும். காரணம் தெரியாதவர் பேக்கிங்கை மாற்றி மாற்றிப் போடுவார், இல்லையென்றால் ஒழுகவே கூடாது என்று பேக்கிங்கை அழுத்தும் கிளாண்டை முழுக்க இறுக்குவார். ஓடும்போது சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டிய இடம் அது. கசிவை அடைத்தால் சூடேறி ஷாஃப்டில் வரி விழும். ஷாஃப்ட் ஏன் அதிர்கிறது என்று யோசிக்கும் அறிவும், 0.1 மி.மீட்டரை உணரும் விரலும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். இரண்டும் இருக்கிற ஆளுக்குத்தான் மதிப்பு.

இனி எந்தப் படிப்பு? டிப்ளமாவின் முதல் வருடத்திலேயே கணிதமும் இயற்பியலும் கனமாக வரும். இப்போதைய நிலையில் அரியர் விழ வாய்ப்பு அதிகம். ஐடிஐயில் ஓராண்டு டீசல் மெக்கானிக் பிரிவுக்குத்தான் பையன்கள் ஓடுவார்கள். என் கருத்து, ஈராண்டு ஃபிட்டர். முதல் மாதங்களில் இரும்பை அராவி அராவித் தோள் வலிக்கும், இதற்கா வந்தேன் என்பான். விட்டுவிடாதீர்கள், தட்டையும் செங்கோணமும் கைக்குப் பிடிபடுவது அங்கேதான். டீசல் இன்ஜினைப் பிறகு துறைமுகத்திலேயே கற்கலாம். ஃபிட்டர் சான்றிதழுக்கு மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தின் டெக்னீஷியன் பணியும் ரயில்வேயும் திறந்திருக்கின்றன. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளிலும் பராமரிப்புக்கு ஆள் தேவை. முடித்த பிறகு டிப்ளமா நேரடி இரண்டாம் ஆண்டு, அதன்பின் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு என்று ஏறவும் வழி உண்டு. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

விடுமுறையில் அவன் பார்க்க வேண்டியவை: தசமம், விகிதம், சைன்-காஸ்-டேன், பரப்பு, கன அளவு. தினம் அரை மணி நேரம் போதும். 0.02 மி.மீ. காட்டும் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரே குழாய்த் துண்டை ஒரே இடத்தில் பத்துத் தடவை அளந்து எழுதட்டும். எண்கள் தாறுமாறாக வந்தால் தாடையை அழுத்தும் பலம் ஒருசீராக இல்லை, அல்லது கருவியைச் சாய்த்துப் பிடிக்கிறான்.

தனியார் ஐடிஐ என்றால் அந்தப் பிரிவுக்கு தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவின் (என்சிவிடி) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அது இல்லாத சான்றிதழை நான் சொன்ன இஸ்ரோ பணிக்குக் காட்ட முடியாது. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐயும் அரசு பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. வேலை நாளில் அவனையும் கூட்டிப்போய் ஒர்க்ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை லேத் ஓடுகிறது, ஒரு லேத்துக்கு எத்தனை பையன்கள் என்று கவனியுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், மாதம் 1000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் அங்கேயே விசாரியுங்கள். சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கடைசித் தேதி நெருங்கும்போது அங்கே கூட்டம் தாங்காது.