பி2 நிலை ஆங்கிலத்தை வீட்டிலிருந்தே பயில்வது எப்படி?

கிளிநொச்சியில் உயர்தரம் முடித்த நீங்கள், பி2 நிலை ஆங்கில இலக்கணத்தையும் சொல்வளத்தையும் தனியாக எவ்வாறு பயில்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மொழித்திறனை ஆறு படிகளாக வகுக்கும், 2001இல் வெளியான ஐரோப்பிய மொழிச் சட்டகத்தில் பி2 நான்காவது படி. இந்தப் படியில் புதிய விதிகளை அறிவதைவிட, தெரிந்த விதியைத் தயங்காமல் கையாள்வதே கடினம்.

ஆகவே பழகிய சூழலிலிருந்தே வாக்கியம் அமையுங்கள். "மழை பெய்திருந்தால் இரணைமடுக் குளம் வான் பாய்ந்திருக்கும்" (நிரம்பி வழிந்திருக்கும்) என்பதை ஆங்கிலமாக்கும்போது, 'இருந்தால்' வரும் பகுதிக்கு 'ஹாட்' என்பதும், 'இருக்கும்' வரும் பகுதிக்கு 'வுட் ஹாவ்' என்பதும் பொருந்தும். இரண்டிலும் 'வுட்' போடுவது நம்மிடையே அடிக்கடி காணும் பிழை. ஆனால் தமிழ் எப்போதும் கைகொடுக்காது. "நேற்று வந்திருக்கிறார்" என்பது தமிழில் இயல்பு; ஆங்கிலத்திலோ 'யெஸ்ரடே' வந்தால் 'ஹாஸ் கம்' நிற்காது, 'கேம்' என்றே எழுத வேண்டும்.

சொற்களைத் தனித்தனியாக மனனம் செய்யாமல் இணைகளாகக் கொப்பியில் எழுதுங்கள். பலத்த காற்று 'ஸ்ட்ரோங் விண்ட்', பலத்த மழையோ 'ஹெவி றெயின்'. (குளத்தை நாம் 'டாங்க்' என்கிறோம், வெளிநாட்டவர் பலருக்கு அது தண்ணீர்த் தாங்கி மட்டுமே, அவர்களுக்கு எழுதும்போது 'றெசவோயர்' என்க.)